லேபிள் இல்லாத கேனில் ரெசின் வாங்காதீர்கள்

வீட்டிலேயே ஃபைபர் வேலை செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பொருளும் பத்து நாள் உழைப்பும். கடைக்காரர் கடைசியாகச் சொன்ன யோசனையை அப்படியே செய்திருந்தால் கண்ணே போயிருக்கும்.

மகளுக்காகப் பெரிய மீன் தொட்டி ஒன்று செய்யத் தொடங்கினேன். பிளைவுட்டில் பெட்டி அடித்து, உள்ளே ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பை ஒட்டி, கல் போல இறுகும் பசையான ரெசினைப் பூசுவதாகத் திட்டம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலியெஸ்டர் ரெசினைத்தான் டிரம்மிலிருந்து ஒரு கேனில் பிடித்துக் கொடுத்தார்கள். கம்பெனிப் பெயர் இல்லை, தயாரித்த தேதி இல்லை. ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் தனியாக ஒரு வெள்ளை பாட்டிலில். எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டேன். “ஒரு மக்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க சார், போதும்” என்றார். மூக்குக்கு என்ன போடுவது என்றதற்குத் தூசு மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். அது தூசைத் தடுக்குமே தவிர, ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அன்று மாலையே தலை வெடிப்பது போல வலித்தது.

முதல் படலம் பூசி நான்கு நாள் ஆயிற்று. விரல் வைத்தால் பாகு போல ஒட்டுகிறது. பாலியெஸ்டரில் மேல்பரப்பு கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பது சகஜம்தான். காற்று படும் இடத்தில் அது முழுசாகக் காயாது, அதற்காகவே கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசின் போடுவார்கள். ஆனால் இது அடிவரை இளகிக் கிடந்தது. போன் செய்தால், “ஹார்ட்னரைக் கூட்டிப் போடுங்க” என்று பதில். கூட்டிப் போட்டு இன்னொரு படலம் பூசினேன். அதுவும் காயவில்லை.

நேரில் போனேன். அப்போதுதான், கேட்டதே தப்பு என்பது போல, “கோபால்ட் போடலையா?” என்கிறார். ரெசின் சாதாரண வெப்பத்தில் இறுக வேண்டுமானால் ஹார்ட்னர் மட்டும் போதாது, கோபால்ட் கலந்த ஆக்ஸிலரேட்டரும் வேண்டும். சில ரெசினில் அதை முன்பே கலந்து விற்பார்கள். எனக்குக் கொடுத்ததில் கலக்கவில்லை, அதைச் சொல்லவும் இல்லை. இப்போது இன்னொரு வெள்ளை பாட்டிலை, அதுவும் லேபிள் இல்லாமல், கையில் கொடுத்து அவர் சொன்னது: “ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வெச்சுக்கிட்டு ரெசின்ல ஊத்துங்க, வேலை சுலபமா முடியும்.”

நல்ல வேளை, ஃபைபர் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கலப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று போனேன். பாட்டில்களைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. “தம்பி, இந்த ரெண்டும் நேருக்கு நேர் சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும்” என்றார். ஹார்ட்னர் என்று நாம் சொல்வது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்ஸைடு. ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வை போகக்கூடிய சாமான். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். அப்புறம்தான், வேலைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து அதில் ஹார்ட்னர். இரண்டுக்கும் ஒரே குச்சி, ஒரே மூடி கூடாது. இதெல்லாம் ஒரு கடைக்காரருக்குத் தெரியாதா?

ஏற்கெனவே பூசியதன் மேல் கோபால்ட் தடவிச் சரிசெய்ய முடியாது. ஹார்ட்னரை அளவுக்கு மேல் போட்டதும் கெடுதல்தான், மிச்சம் உள்ளேயே தங்கி ரெசினை இளக்கிவிடும் என்றார். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு நாள் சுரண்டினேன். கண்ணாடி இழை முழங்கை வரை குத்தி, அரிப்பில் இரவு தூக்கமில்லை.

பிறகு வேறு இடத்தில், தேதி அச்சிட்ட, சீல் உடையாத, கோபால்ட் முன்பே கலந்த ரெசின் வாங்கினேன். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஆயுள் சில மாதங்கள்தான், அதனால் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். மூடிக் கணக்கையும் நம்பாதீர்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, 100 கிராம் ரெசினுக்கு ஒன்றரை கிராம் ஹார்ட்னர் போட்டு ஒரு கப்பில் சோதித்தேன். அரை மணிக்குள் இறுகி, கப் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. கப்பில் மொத்தமாக நின்றால் சூடு சேர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே பூச வேண்டும் என்று அப்போது புரிந்தது. ஜன்னலெல்லாம் திறந்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ரசாயன ஆவிக்கான வடிகட்டி வைத்த மாஸ்க் மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். தொட்டி மறுநாளே கல் போல இறுகிவிட்டது.

பழைய கடைக்குத் திரும்பப் போனேன். “திறந்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார்கள். பணத்தை விடுங்கள், அந்த இரண்டையும் சேர்த்துக் கலக்கச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். “நாங்க எத்தனை வருஷமா விக்கிறோம் சார்” என்றபடியே, டிரம்மிலிருந்து ஒரு பையனுக்குக் கேனில் ரெசின் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் வெளியே வரும்வரை வாசலில் நின்றேன். அவன் பையிலும் இரண்டு வெள்ளை பாட்டில்கள். என் பேனாவால் ஒன்றில் கோபால்ட் என்றும் மற்றதில் ஹார்ட்னர் என்றும் எழுதி, நடந்ததைச் சொல்லி, தனித்தனிப் பையில் போட்டு அனுப்பினேன்.