அவெஸ்தாவின் தெய்வங்களைத் தேடுவோருக்கு மூன்று பழைய தொகுதிகள்

ஜரதுஷ்டிர வேதமான அவெஸ்தாவை ஆங்கிலத்தில் படிக்க, 'சேக்ரட் புக்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்' வரிசையின் 4, 23, 31ஆம் தொகுதிகளை இன்றும் பலர் நாடுகிறார்கள். காப்புரிமை முடிந்த நூல்கள் என்பதால் ஸ்கேன் பிரதி இலவசமாகவே கிடைக்கும்.

எண் வரிசையில் படிக்கத் தொடங்கினால் சலித்துவிடும். 4ஆம் தொகுதியான வெந்திதாத் (1880) பெரும்பகுதி தீட்டும் தூய்மையும் பற்றியது. தெய்வங்கள் நிறைந்திருப்பது தார்மெஸ்தேத்தெர் மொழிபெயர்த்த 23ஆம் தொகுதியில் (1883). அதில் பெரும்பாலான யஷ்துகள் தெய்வத்துக்கு ஒன்றாக அமைந்த துதிகள். 5ஆவது நீர்த்தெய்வம் அனாஹிதாவுக்கு. 10ஆவதில் ஆயிரம் காதும் பதினாயிரம் கண்ணும் கொண்ட மித்ரா. 14ஆவதில் வெற்றித் தெய்வம் வெரெத்ரக்னா காற்றாக, காளையாக, குதிரையாகப் பத்து வடிவெடுத்து வருகிறார். பாடலே இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, எல்லாவற்றையும் புயல், மின்னல் கதையாக்கும் அடிக்குறிப்புகளை விட்டுவிடலாம். அது அந்தக் காலத்து ஆய்வு மோகம்.

மில்ஸ் மொழிபெயர்த்த 31ஆம் தொகுதியில் (1887) இரண்டு இடறல்கள். காதைகளை (ஜரதுஷ்டிரரின் பாடல்கள்) யஸ்னா என்ற வழிபாட்டு நூலிலிருந்து பிரித்து முன்னால் வைத்திருக்கிறார். அதிலும் 29ஆம் அத்தியாயம் 28க்கு முன்பு வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பவை அவர் சேர்த்த சொற்கள். அவற்றை நீக்கி ஒருமுறை படித்தால்தான் மூலம் எவ்வளவு இறுக்கமானது என்று தெரியும்.

பெரிய சிக்கல் எழுத்துமுறையில்தான். இந்த வரிசையில் சாய்வெழுத்தில் 'கே' (k) என்றால் 'ச' (ch) ஒலி. தட்டச்சு செய்த இணையப் பிரதிகளில் சாய்வு போய்விட்டால் இறந்தோர் கடக்கும் சின்வத் பாலம் 'கின்வத்' ஆகிறது, சயேசஸ்தா ஏரி 'கயேகஸ்தா' ஆகிறது. தேடுபெட்டியில் சரியான பெயரை இட்டால் எதுவும் கிடைக்காது. ஸ்கேன் பக்கத்தையே பாருங்கள்.

அந்த ஏரியைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. 9ஆம் யஷ்தின் 17, 18ஆம் பத்திகளில் ஹவோமா (வேதத்துச் சோமத்தின் இணை) ஒரு வரம் கேட்கிறார்: துரான் வேந்தன் ஃபிராங்ரஸ்யானைக் கட்டி இழுத்து மன்னர் கவி ஹவோஸ்ரவாவிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் அவனை அந்த ஏரிக்கு அப்பால் கொல்ல வேண்டும். ஃபிர்தவ்சியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவில் அதே ஹவோமா 'ஹோம்' என்ற துறவியாக மலையில் தவம் செய்கிறார். குகையில் ஒளிந்த அஃப்ராசியாபைப் (அதே ஃபிராங்ரஸ்யான்) பிடித்துக் கட்டுகிறார். தெய்வம் மனிதராகிவிட்டது, செயல் மட்டும் மாறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இந்தத் தொகுதிகளை வைத்திருக்கலாம்.

ஷாநாமாவை ஆங்கிலத்தில் படிக்க வார்னர் சகோதரர்களின் 9 தொகுதிகள் (1905–1925) பொருத்தம். மொழி பழையது, நடை கனமானது, ஆனால் செய்யுளாகவே தொடர்ந்து செல்கிறது. டிக் டேவிஸின் பதிப்பு (2006) படிக்க இனியது. பெரும்பாலும் உரைநடை, சில பகுதிகள் சுருக்கம். சிறு பாத்திரமாகச் சுருங்கிய தெய்வங்களைத் தேடுவோருக்கு அந்தச் சுருக்கம் இடைஞ்சல்.

ஹோமுக்குப் பிறகு 19ஆம் யஷ்தில் 31 முதல் 38 வரை படியுங்கள். யிமா என்ற மன்னன் பொய்யில் இறங்கியதும் அரச ஒளி பறவை வடிவில் மூன்று முறை பறந்து போகிறது. ஷாநாமாவில் ஜம்ஷீதாக வரும் அவன், உலகைப் படைத்தவன் தானே என்று சொல்லி அதே ஒளியை இழக்கிறான். அடுத்து கீழ்ப்படிதலின் தெய்வமான ஸ்ரவோஷா. இவருக்கு 23ஆம் தொகுதி மட்டும் போதாது. 11ஆம் யஷ்து அதில் இருந்தாலும் யஸ்னா 57 மில்ஸிடம்தான் இருக்கிறது. ஷாநாமாவிலும் இவர் வானத்துத் தூதராகவே, சொரூஷ் என்ற பெயரில் வருகிறார். கொடுங்கோலன் சஹ்ஹாக்கைக் கொல்ல ஓங்கிய வீரன் ஃபரீதூனின் கையைத் தடுத்து, மலையில் கட்டிவைக்கச் சொல்பவர் அவர்தான்.