எந்த உபதேசத்துக்காகப் பிரியலாம்? கேவின் ஆர்ட்லண்டின் நான்கு அடுக்குகள்

அவசரப் பிரிவில் நோயாளிகளைத் தரம் பிரிப்பதுபோல, 2005-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் இறையியலாளர் ஆல்பர்ட் மோலர் உபதேசங்களை, அதாவது கிறிஸ்தவக் கோட்பாடுகளை, முக்கியத்துவப்படி மூன்றாகப் பிரித்தார். இன்னொரு அமெரிக்க பாப்டிஸ்ட் இறையியலாளரான ஆர்ட்லண்டின் ‘ஃபைண்டிங் த ரைட் ஹில்ஸ் டு டை ஆன்’ (2020) என்ற புத்தகம் நான்காக்குகிறது. இயேசுவின் கன்னிப் பிறப்பும் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலும், சுவிசேஷத்துக்கே அடிப்படை என்பதால், முதலடுக்கு. கிறிஸ்துவின் ஆயிரவருட ஆட்சி, படைப்பின் நாட்கள் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் மூன்றாவது. இதற்காகச் சபையை உடைக்காதே என்கிறார், சரிதான். நான்காவது, பொருட்படுத்தத் தேவையில்லாதவை.

புத்தகத்துக்குக் கொடுத்த காசுக்கு மதிப்பு இரண்டாம் அடுக்கில்தான் இருக்கிறது: சுவிசேஷத்துக்கு அடிப்படையல்ல, ஆனால் ஒரே சபையாக இயங்குவதைத் தடுக்கக்கூடிய உபதேசங்கள். குழந்தை ஞானஸ்நானக்காரரும் முழுக்கு ஞானஸ்நானக்காரரும் ஒருவரையொருவர் சகோதரர் என்று ஏற்கலாம். ஆனால் ஒரே சபையில் அங்கத்தினர் சேர்க்கும்போது, சிறுவயதில் தெளித்த தண்ணீர் செல்லுமா செல்லாதா? ஒரு பதில்தான் சொல்ல முடியும்.

குறை, அளவுகோல் முழுக்கப் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் உண்மைகளுக்குள் படிநிலை உண்டு என்றது. அங்கே கீழ்ப்படியில் இருப்பதையும் மறுக்க இடமில்லை. கத்தோலிக்கரோடு உரையாட இந்தப் புத்தகம் மட்டும் போதாது.