பிஸ்கட் டப்பாவும் மூன்று கதைகளும்: எட்டு ஆண்டு வம்சாவளித் தேடல்

என் கணவர் ஒஹாயோ மாநிலத்துக்காரர். 2016இல் எங்கள் மகளிடம் குடும்ப மரம் வரைந்து வரும்படி பள்ளியில் சொன்னார்கள். மாமியார் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய புகைப்படங்களைக் கொடுத்தார். கூடவே மூன்று கதைகளையும் கொடுத்தார். அவருடைய அம்மா வழியில் ஒரு பாட்டி, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியின் இளவரசி. அப்பா வழியில், ஜெர்மனியிலிருந்து வந்த எள்ளுத்தாத்தாவின் நீளமான பெயரை, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவின் அதிகாரி ஒருவர் வெட்டிச் சுருக்கிவிட்டார். மேன்ஸ்ஃபீல்டு பக்கத்துப் பண்ணையில் நின்ற ஆப்பிள் மரம், அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளின் ஆப்பிள் நாயகன் ஜானி ஆப்பிள்சீட் தன் கையால் நட்டது. மகள் ஒரே வாரத்தில் படத்தை வரைந்து கொடுத்துவிட்டாள். நான்தான் இன்னும் முடிக்கவில்லை.

முதலில் ஒரு கட்டணத் தளத்தில் சேர்ந்தேன். வசதியானது, ஆனால் சோம்பேறியாக்கிவிடும். ‘இவர் உங்கள் மூதாதையாக இருக்கலாம்’ என்று அது நீட்டியதையெல்லாம் சொடுக்கிக்கொண்டே போனதில், மூன்றாம் மாதம் என் மரத்தில் ஒன்பது வயதில் பிள்ளை பெற்ற ஒரு தாய் இருந்தார். யாரோ செய்த பிழையை நாற்பது பேர் நகலெடுத்திருந்தார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் நான். சந்தாவை நிறுத்த மறந்ததில் இன்னும் ஓராண்டுப் பணமும் போயிற்று. பிறகுதான் எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக் கணினியில் அதே வகைத் தளத்தை இலவசமாகப் பார்க்கலாம் என்று தெரிந்தது. அதற்குமேல் பெரும்பாலும் ஃபேமிலிசர்ச்தான். மோர்மன் சபையினர் நடத்தும் இலவசத் தளம். அவர்கள் பல நாடுகளில் மைக்ரோஃபிலிமில் எடுத்துவைத்த பதிவேடுகளைப் படங்களாகவே புரட்டலாம். பெயர் அட்டவணையை நம்பாமல் பக்கத்தைப் பக்கமாகப் படிக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் தேடல் உண்மையில் தொடங்கியது.

எல்லிஸ் தீவுக் கதை ஒரே மாலையில் கவிழ்ந்தது. அந்த மனிதர் பிரெமனில் கப்பலேறி 1854இல் பால்டிமோரில் இறங்கியவர். எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892இல். அவர் நியூயார்க்கையே பார்த்திருக்க மாட்டார். அந்தத் தீவிலும் அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். எங்கள் பெயர் தேய்ந்தது, பத்தாண்டுக்கு ஒரு முறை வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்களின் காதில். 1860இல் ஓர் எழுத்து போயிற்று, 1880இல் இன்னொன்று. முதல் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மன் பெயரே ஆபத்தாக இருந்தபோது, மீதியைக் குடும்பத்தாரே வெட்டிக்கொண்டார்கள். பழியை ஓர் அதிகாரி மேல் போடுவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

செரோக்கி இளவரசியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. செரோக்கிகளிடம் இளவரசிப் பட்டமே கிடையாது. செரோக்கி உள்ளிட்ட பழங்குடிகளின் உறுப்பினர்களைப் பதிந்து அரசு 1898 முதல் 1914 வரை தயாரித்த டாஸ் பட்டியலிலும் அந்தப் பாட்டியின் பெயர் இல்லை. ஒரு நிறுவனத்தில் மாமியாரின் மரபணுவைச் சோதித்தபோது ஸ்காண்டிநேவியா 14 விழுக்காடு என்று வந்தது. இரண்டாண்டுகள் கழித்து அதே எச்சில் 3 விழுக்காடாகிவிட்டது. உறவினர்களைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை உதவும். விழுக்காட்டைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிக்கலாம். மாமியாரோ ஒவ்வொரு நன்றியறிதல் நாள் விருந்திலும் இளவரசியை அரியணையில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆப்பிள் மரத்தை மட்டும் என்னால் வெட்டிச் சாய்க்க முடியவில்லை. ஜானி ஆப்பிள்சீட் என்கிற ஜான் சாப்மன் நிஜ மனிதர். 1774இல் மாசசூசெட்ஸில் பிறந்து 1845இல் இந்தியானாவின் ஃபோர்ட் வேயின் அருகே இறந்தவர். தகரச் சட்டியைத் தலையில் கவிழ்த்து வெறுங்காலோடு திரிந்தவர் என்பது கதை. மேன்ஸ்ஃபீல்டு வட்டாரத்தில் நாற்றங்கால் போட்டுக் கன்றுகளை விற்றவர் என்பது வரலாறு. விதையிலிருந்து வளர்ந்த அந்தப் புளிப்பு ஆப்பிள்கள் பெரும்பாலும் சைடர் மது வடிக்கத்தான் பயன்பட்டன. எங்கள் ஜெர்மானியர் வரும்போது சாப்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்துப் பத்திரங்களைப் புரட்டினால், பண்ணையை விற்றவர் 1830களிலிருந்தே அங்கே இருந்திருக்கிறார். அவர் சாப்மனிடம் கன்று வாங்கியிருக்கலாம். மரம் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் வழக்கைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

என்னை உலுக்கியது கதையாகக்கூட வராத ஒரு செய்தி. 1900 கணக்கெடுப்பில் தாய்மார்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறார்கள்? மாமியாரின் கொள்ளுப்பாட்டிக்கு நேரே 9, 5 என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது ஐந்து பேரை மட்டுமே. நடுவில் பார்க்க 1890 கணக்கெடுப்பும் இல்லை. 1921இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டிடத்தில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழாகி, மிஞ்சியதையும் 1930களில் அழித்துவிட்டார்கள். 1880க்கும் 1900க்கும் இடையே பிறந்து இறந்த குழந்தை எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்காது.

ஒஹாயோவில் 1867 முதல் 1908 வரை இறப்புகளைக் கவுண்டியின் வாரிசுரிமை நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள். ஃபேமிலிசர்ச்சில் அந்தப் பேரேட்டை ஒரு குளிர்காலம் முழுக்கப் புரட்டினேன். 1883ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு வரிகள்: ஓர் அண்ணன், ஒரு தங்கை, காரணம் தொண்டை அடைப்பான். அந்த அண்ணனின் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 1885இல் பிறந்த மாமியாரின் தாத்தாவுக்கும் அதே பெயர்தான். இறந்துபோன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்; அவர் அதைத் தம் பேத்தியிடம் ஒரு முறையும் சொன்னதில்லை.

மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்று சில நாள் தயங்கினேன். 1950 கணக்கெடுப்பு, தனிநபர் விவரங்களை 72 ஆண்டு வெளியிடக் கூடாது என்ற விதியின் காலம் முடிந்து 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அதில் நான்கு வயதுச் சிறுமியாகத் தம் பெயரை அவர் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்துகொண்டிருந்த மாலையில்தான் பேரேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “தாத்தாவின் கல்லில் இருக்கிற பெயர்” என்றார். பிறகு, “மற்ற இருவர்?” என்றார்.

நீதிமன்றப் பேரேட்டில் அவர்கள் இல்லை. எல்லா இறப்பும் அங்கே ஏறவில்லை. லூத்தரன் தேவாலயத்தின் பதிவேடு மட்டும் பாக்கி. அது பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கிறது. அதில் ‘e’ எழுதினால் ‘n’ போலத் தெரிகிறது. நானும் மாமியாரும் செவ்வாய்க்கிழமைகளில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறோம். இப்போது 1888இல் இருக்கிறோம்.