ரிவால்வரா, பிஸ்டலா: குறி எதில் நிற்கும்?

அமைப்பை மட்டும் பார்த்தால் ரிவால்வருக்கு ஒரு சாதகம்: அதன் குழல் அசையாது. பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) பிஸ்டல்களில் ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் சற்றுப் பின்வாங்கிச் சாய்ந்து, மறுபடி அதே இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ரிவால்வரின் சுழலும் உருளையில் தோட்டாக்கள் இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் குழலோடு நேராக நிற்க வேண்டுமே! ஓர் அறை மயிரிழை விலகினாலும் அந்தத் தோட்டா மட்டும் தனியாகப் போய் விழும்.

சரி, நிஜத்தில் குறியைக் கெடுப்பது டிரிகர்தான். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை முன்பே இழுத்து வைக்காவிட்டால், ரிவால்வரில் சுமார் 5 கிலோ அழுத்தம் தேவைப்படும். அதற்குள் குழல் நுனியில் இருக்கும் முன்குறி ஆடிவிடும். பிஸ்டலில் பாதி போதும். அடுத்தடுத்துச் சுடவும் எனக்குப் பிஸ்டல்தான்: குழல் கைக்கு நெருக்கமாக இருப்பதால் முனை அவ்வளவாக எகிறாது. ஒலிம்பிக் 25 மீட்டர் போட்டிக்கான .22 (0.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல்களிலோ குழலும் அசையாது.