குளத்துக்கு எந்த சோலார்: கறுப்புப் பாயா, கண்ணாடிக் குழாயா, ஹீட் பம்பா?

குளியலறைக்கு சோலார் ஹீட்டர் போட்ட பழக்கத்தில் நீச்சல் குளத்துக்கும் அதையே தேடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. குளிக்க வேண்டியது கொஞ்சம் தண்ணீர், நல்ல சூடு. குளத்துக்கு வேண்டியதோ ஏராளமான தண்ணீர், லேசான சூடு. 27, 28 டிகிரி இருந்தால் வீட்டுக் குளத்துக்குப் போதும்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 48,000 லிட்டர் பிடிக்கும். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற சுமார் 56 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைப் பார்க்கலாம்.

முதலில் கறுப்புப் பாய். கண்ணாடி மூடாத பாலிப்ரொப்பிலீன் பேனலைத்தான் அப்படிச் சொல்கிறேன். உள்ளே மெல்லிய குழாய்கள் வரிசையாக ஓடும். ஃபில்டர் தாண்டி வரும் குளத்துத் தண்ணீர் நேராக அதற்குள் ஏறி இறங்கும். பார்க்க அவ்வளவு எளிமையான பொருள், விலை உயர்ந்த கண்ணாடிக் குழாயை எப்படி ஜெயிக்கும் என்று தோன்றும். ஜெயிக்கும். பேனலில் ஓடும் தண்ணீரும் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும்போது காற்றுக்கு இழக்க வெப்பமே இல்லை. இழப்பே இல்லாத இடத்தில் கண்ணாடி எதற்கு? அது வரும் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும்.

20 சதுர மீட்டர் பாய் போட்டு நல்ல உச்சி வெயிலில் ஓட்டினால், குளத்துக்குத் திரும்பும் தண்ணீர் உள்ளே போனதைவிட 3 டிகிரிதான் கூடியிருக்கும். தண்ணீர் குளத்துக்குள் திரும்பும் துளையில் கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புகூடச் சரியாகத் தெரியாது. “வேலை செய்யவில்லை” என்று பதறிப்போய் வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து குறைக்காதீர்கள். ஓட்டம் குறைந்தால் கைக்குச் சூடு தெரியும், பேனலும் சூடாகும், அந்தச் சூடு காற்றோடு போகும். நிறையத் தண்ணீர், கொஞ்சம் சூடு என்று ஓடினால்தான் நாளுக்கு 60, 70 யூனிட் கிடைக்கும். அதாவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல்.

பாய்க்கு எதிரி காற்று. பலத்த காற்று வீசும் கூரையிலும் குளிர்காலத்திலும் அதன் பலம் சட்டென்று விழும். இடமும் நிறையக் கேட்கும்: குளத்துப் பரப்பில் பாதியாவது வேண்டும்.

அடுத்தது கண்ணாடிக் குழாய், அதாவது கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றை அகற்றிய வெற்றிடக் குழாய். வெளியே குளிரும்போதும் 60, 70 டிகிரி தரும், அதுதான் அதன் பெருமை. ஆனால் 28 டிகிரி கேட்கும் குளத்துக்கு அந்தப் பெருமையால் பயனில்லை. செம்புக் குழாய் உள்ள சோலார்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளத்து நீரின் பிஹெச் இறங்கினால், அதாவது அமிலத்தன்மை கூடினால், செம்பு அரித்துச் சுவரில் நீலப்பச்சைக் கறை படியும். அதைத் தவிர்க்க நடுவில், தண்ணீரைக் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் டைட்டானியம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைக்க வேண்டியிருக்கும். ஆண்டு முழுவதும் நீந்துபவர், குளிர் நாட்டில் இருப்பவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பாய்க்கு உண்மையான போட்டி, கூரையில் மின்சார சோலார் பேனல், கீழே ஹீட் பம்ப் என்ற ஜோடிதான். பேனல் வெயிலில் 20 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்குகிறது. ஆனால் ஹீட் பம்ப் ஒரு யூனிட் வாங்கி, காற்றிலிருந்து எடுத்ததையும் சேர்த்து 5 யூனிட் வெப்பம் தரும். பெருக்கிப் பாருங்கள், ஒரே அளவு கூரையில் பாய்க்குக் குறையாமல் நிற்கிறது. நீந்தாத மாதங்களில் அந்த மின்சாரம் வீட்டுக்கு ஆகும், பாயோ சும்மா கிடக்கும். பதிலுக்கு கம்ப்ரஸர் இரைச்சல், பழுது, குளிர் கூடக்கூடக் குறையும் திறன் எல்லாம் உண்டு. கூரை சிறியது, நீச்சல் காலம் நீளம் என்றால் என் ஓட்டு இதற்கே. வெயில் மாதங்களில் மட்டும் நீந்தும் வீட்டுக்கு, இடமும் இருந்தால், பாய்தான்.

இதில் எதை வாங்கினாலும் அதற்கு முன்னால் பபிள் கவர், அதாவது குளத்தின் மேல் விரிக்கும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் போர்வை, வாங்குங்கள். திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவியாகப் போகிறது. குளிர்ந்த விடியலில் தண்ணீர்மேல் புகைபோல மிதக்கிறதே, அதுதான். நம் குளத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர். கூடவே போகும் வெப்பம் 100 யூனிட்டுக்கு மேல். பாய் பகலெல்லாம் உழைத்துச் சேர்த்ததைவிட அது அதிகம்!

கவரின் குமிழ்ப் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். நீந்தும்போது பாதி மட்டும் சுருட்டி வைக்காமல் முழுவதும் எடுத்துவிடுங்கள், அடியில் சிக்கினால் தலை தூக்க வழியிருக்காது. விரித்த கவர் குழந்தைக்குத் தரைபோலத் தெரியும், கால் வைத்தால் தாங்காது. குளத்தைச் சுற்றிய வேலியும் கதவுத் தாழ்ப்பாளும் கவர் போட்ட பிறகும் அப்படியே இருக்கட்டும்.