தக்கைப்பூண்டா, யூரியாவா? கே.ஆர்.பி. பாசன நெல்லுக்கு ஓர் அலசல்

காவேரிப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைத் தண்ணீரை நம்பி இரண்டு போகம் நெல் வைக்கிறவர்களிடம் ஆடி நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) முழுக்க யூரியாவே போடுவதா, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை வளர்த்து வயலிலேயே மடக்கி உழுதுவிட்டு யூரியாவைக் குறைப்பதா? நான் முதல் போகத்துக்குத் தக்கைப்பூண்டுக்கு மாறிவிட்டேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

காசுக் கணக்கில் யூரியாவை யாரும் ஜெயிக்க முடியாது. 45 கிலோ மூட்டை மானியம் போக 266 ரூபாய் 50 காசு, அதில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. தூவ ஓர் ஆள் போதும். தக்கைப்பூண்டுக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள் காத்திருப்பு, மடக்கி உழ டிராக்டர் வாடகை. 8 டன் பசுந்தழை கிடைத்தால் ஏறக்குறைய 40 கிலோ தழைச்சத்து மண்ணுக்குப் போகும். ஆனால் அதில் பாதி கூட அந்தப் பயிருக்கே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

என்னை மாற வைத்தது சத்து வெளிவரும் நேரம். யூரியா போட்ட சில நாளிலேயே பயிர் எடுத்துக்கொள்ளும் அம்மோனியமாக மாறிவிடும். பாசி படர்ந்த தண்ணீரில் உச்சி வெயிலில் காரத்தன்மை ஏறும்போது அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். தூவிய யூரியாவில் நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான்.

தக்கைப்பூண்டை அழுகவைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சூடு வேண்டும். மண் 10 டிகிரி சூடேறினால் வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். ஜூலை வெயிலில் மடக்கி உழுத சேற்றில் சில நாளிலேயே கால் வைத்த இடமெல்லாம் குமிழி கொப்பளிக்கும், நாற்றமும் அடிக்கும். இளந்தண்டை எடுத்து நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்து நார் மட்டும் கையில் நிற்கும். அந்தப் பதத்தில் நட்டால் தூர் கட்டும் நேரத்தில் சத்து தயார். தண்ணீர் நிற்கும் வயலில் காற்று இல்லாததால் அந்தச் சத்து, தண்ணீரோடு எளிதில் இறங்கிப்போகும் நைட்ரேட்டாக மாறாமல் அம்மோனியமாகவே இருக்கும். கோடையில் நன்றாகக் காய்ந்த வயலாக இருந்தால், முதல் தண்ணீர் பாய்ந்ததும் மண் தன் பங்குக்கும் கொஞ்சம் தழைச்சத்தை விடும்.

இரண்டாம் போகத்தில் கதை தலைகீழ். நட்ட புதிதில் ஜனவரிக் குளிர். ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது தழை சுணங்கித்தான் அழுகும். பயிர் பசிக்கும்போது கொடுக்காமல், மாசி வெயில் ஏறிய பிறகு கதிர் வரும் நேரத்தில் சத்தை மொத்தமாகக் கொட்டினால் பயிர் கொழுத்துச் சாயும், குலைநோய்க்கும் வழி. போதாததற்கு முதல் போகம் அறுத்து இரண்டாவது நடுவதற்குள் தக்கைப்பூண்டு வளர்க்க 45 நாள் எங்கே இருக்கிறது? அதனால் அந்தப் போகத்துக்கு யூரியாதான், ஒரே தடவையாக இல்லாமல் பிரித்துப் பிரித்து. ஓசூர், தளி பக்கம் இன்னும் குளிர். அங்கே நான் நெல் வைத்ததில்லை, ஆனால் முதல் போகத்திலும் மடக்கியபின் கூடுதலாகச் சில நாள் விட்டு நடுவது நல்லது என்பது என் கணிப்பு.

அடுத்து மண். என்னுடையது வாய்க்கால் கடைசியில் உள்ள களி. அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம், களித்துகளுக்கு எதிர்மின்னூட்டம். அதனால் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேட்டுப் பக்கத்துச் செம்மணலில் அந்தப் பிடிப்பு குறைவு. காலையில் பாய்ச்சிய தண்ணீர் மறுநாள் இருக்காது. காய்ந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாகும், மறுபடி தண்ணீர் கட்டினால் கீழே இறங்கும் அல்லது நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். அங்கே தக்கைப்பூண்டின் பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பக்கத்துக் கழனியைப் பார்த்த அளவில்தான் சொல்ல முடியும்: இலை சீக்கிரமே வெளுத்தது.

எந்த மண்ணானாலும் மேலுரத்தை (நட்டபின் தூவும் யூரியாவை) நாள் கணக்கில் போடாமல், இலையின் பச்சையை ஒப்பிட எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், இலையில் வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அட்டையில் 3ஆம் எண், மற்ற ரகங்களுக்கு 4ஆம் எண். அதற்குக் கீழே போனால் மட்டும் யூரியா. தக்கைப்பூண்டு மடக்கிய என் களி வயலில் முதல் மேலுரத்தைத் தள்ளிப்போட முடிந்தது இந்த அட்டையால்தான்.