வியாழனா, வெள்ளியா? எஸ்பிஐ டிவிடெண்டை வைத்து ஒரு கணக்கு

மே மாதம் வந்தால் மாமா போன் போட்டுவிடுவார். "மாப்ள, பேங்க் ஷேர் டிவிடெண்ட் தர்றான். இன்னைக்கு வாங்கினா கிடைக்குமா?"

2025-ல் அவர் கேட்டது எஸ்பிஐ. வங்கியின் லாபத்திலிருந்து பங்குக்கு 15.90 ரூபாய். ரெக்கார்டு தேதி, அதாவது யார் கணக்கில் பங்கு இருக்கிறது என்று பார்க்கும் நாள், மே 16, வெள்ளி. எக்ஸ்-டேட்டும், அதாவது அன்று முதல் வாங்கினால் டிவிடெண்ட் கிடைக்காது என்ற நாளும், அதுவேதான். 2023 ஜனவரி இறுதியில் டி+1, அதாவது வாங்கிய மறு வேலைநாளே பங்கு கைக்கு வரும் முறை, முழுதாக வந்தபின் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வியாழன் வாங்கினால் வெள்ளியன்று டீமேட் கணக்கில் ஏறிவிடும், டிவிடெண்ட் உண்டு. வெள்ளி வாங்கினால் இல்லை.

வியாழன் 100 பங்கு வாங்கினால் 1,590 ரூபாய் சும்மா வருகிறது என்றுதான் மாமா நினைத்தார். அங்கேதான் சிக்கல். அப்போது விலை 800 ரூபாயை ஒட்டி இருந்தது. கணக்குக்கு 800 என்றே வைத்துக்கொள்வோம். வியாழன் வாங்கியவர் போட்டது 80,000. வங்கியிலிருந்து 15.90 வெளியே போகப் போகிறது என்று சந்தைக்குத் தெரியும். வேறு செய்தி எதுவும் இல்லையென்றால் வெள்ளி காலை விலை 784.10-ஐ ஒட்டித் தொடங்க வேண்டும். அன்று வாங்கியவர் 78,410 போட்டு அதே 100 பங்கை வைத்திருப்பார், 1,590 அவர் கையிலேயே இருக்கும். முதல் ஆளுக்கு அந்த 1,590 மே 30 அன்று வங்கிக் கணக்கில் வந்தது. ஆக, இதுவரை சமம்.

வரியில்தான் இருவரும் பிரிகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு அதைப் பெறுபவர்தான் வரி கட்ட வேண்டும். 30 சதவீத வரி ஸ்லாபில் இருப்பவருக்கு, வரிமேல் வரியான செஸ்ஸோடு சுமார் 496 ரூபாய் போய்விடும். அவருடைய அடக்க விலை 15.90 கூடுதல் என்பதால் விற்கும்போது லாபம் குறைவாகத் தெரியும். அதில் கொஞ்சம் மீளும். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீத வரியில் செஸ்ஸோடு சுமார் 330 ரூபாய் மிச்சம், அதற்குமேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம்தான், இன்னும் குறைவு. முழுசாகத் திரும்பாது. நஷ்டத்தில் விற்றாலும் அதை டிவிடெண்டில் கழிக்க முடியாது, மூலதன லாபத்தில்தான் கழிக்கலாம். இவர் வெள்ளி வரை பொறுப்பதே நல்லது.

மாமா கதை வேறு. பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்தாலும் 12 லட்சத்தைத் தொடாது. புதிய வருமான வரி முறையில் அவருக்கு டிவிடெண்டுக்கு வரி இல்லை. அடக்க விலை கூடுதல் என்பது அவருக்கு லாபம்தான். ஆகவே வியாழன் வாங்கச் சொன்னேன். வெள்ளி காலை ஒன்பதரைக்கு மறுபடி போன். திரையில் சிவப்பு. "என்ன மாப்ள, விழுந்துடுச்சே?"

ஹெச்டிஎஃப்சி வங்கியில் இந்தக் கேள்வியே பெரிதாக எழாது. அதே ஆண்டு 22 ரூபாய் டிவிடெண்ட், விலை 2,000 பக்கம். ஒரு சதவீதம் சொச்சம்தான். அன்றாட ஏற்ற இறக்கத்திலேயே அது கரைந்துவிடும்.

இன்னொன்று, டிவிடெண்ட் வருடம் தவறாமல் வரும் என்று நம்பி வங்கிப் பங்கை வாங்காதீர்கள். 2020 ஏப்ரலில் கோவிட் காரணமாக ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு டிவிடெண்டே தரக் கூடாது என்று நிறுத்திவிட்டது. அந்த வருடம் மாமா போனும் வரவில்லை.